வீடு குட்டி போடுமா பாஸ்?

காலேஜ் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கற கோஷ்டியா நீங்க? அப்படின்னா ஒரு கேள்வி. உங்க ஹவுஸ் ஓனருக்கு அதே ஏரியாவுல மொத்தம் எத்தனை வீடு இருக்குனு எப்பவாவது விசாரிச்சிருக்கீங்களா?

விசாரிச்சுப் பாருங்க. சில பேருக்கு ஒரே ஒரு வீடு. அப்பா கட்டினது, மாடியை வாடகைக்கு விட்டிருப்பார். இன்னும் சில பேர் வேற ரகம். நீங்க ஃபர்ஸ்ட் இயர் சேரும்போது ஒரு ஹாஸ்டல் வெச்சிருப்பார். ஃபைனல் இயர் முடிச்சு டி.சி. வாங்கும்போது நாலு ஹாஸ்டல் வெச்சிருப்பார். நாம தட்டுத் தடுமாறி எட்டு செமஸ்டர் தாண்டறதுக்குள்ள, மனுஷன் மூணு பில்டிங் தாண்டிட்டார்!

இவ்வளவு வேகமா வளர பணம் எங்கேர்ந்து வருது? 'அது அவர் பாடு, நமக்கென்ன?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ரெண்டு காரணத்துக்காக இது நம்ம மேட்டர்தான்.

ஒண்ணு, கேம்பஸ்ல செலக்ட் ஆகி முதல் சம்பளம் வாங்கின மறுமாசமே, யாராவது ஒரு மாமாவோ சீனியரோ உங்ககிட்ட வந்து, 'ஒரு ஃப்ளாட்டைப் போடுடா. வாடகையே ஈ.எம்.ஐ. கட்டிடும். அதை வெச்சு அடுத்தது வாங்கு, அதை வெச்சு அதுக்கடுத்தது'னு ஓதப் போறார். ரெண்டு, அந்த ஓனர் வளர்றதுக்கு உதவற பணத்துல உங்க பணமும் இருக்கலாம்!

நெம்புகோல் தத்துவம்

இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் பேப்பரை நாலு தடவை எழுதினவங்களுக்குக்கூட நெம்புகோல்னா தெரியும். சின்ன பலத்தை வெச்சு பெரிய பாறையைப் புரட்டற வித்தை. கடன் வாங்கி சொத்து வாங்கறதும் அதேதான். இங்கிலீஷ்லயே அதுக்குப் பேரு 'லீவரேஜ்'.

ஒரு கணக்குக்கு, ஒரு ஃப்ளாட் விலை 50 லட்சம்னு வெச்சுக்குவோம். உங்க கைக்காசு 10 லட்சம், கடன் 40 லட்சம். வீட்டு விலை 10 சதவிகிதம் ஏறினா லாபம் 5 லட்சம். வீடு ஏறினது 10 சதவிகிதம்தான். ஆனா, நீங்க போட்ட காசுக்கு அது 50 சதவிகிதம். செம இல்ல?

இப்போ அதே விலை 10 சதவிகிதம் இறங்கட்டும். 5 லட்சம் நஷ்டம். கைக்காசுல பாதி காலி! பேங்க்காரங்க 'ஐயோ பாவம்'னு அவங்க 40 லட்சத்துல ஒரு ரூபாய்கூடக் குறைச்சுக்க மாட்டாங்க. நெம்புகோல் ரெண்டு பக்கமும் வேலை செய்யும். மாமாக்கள் ஒரு பக்கத்தை மட்டும்தான் சொல்வாங்க.

வாடகை ஈ.எம்.ஐ-யைக் கட்டுமா?

அதே 50 லட்ச ரூபாய் ஃப்ளாட்டையே எடுத்துக்குவோம். பேங்க் முழுப் பணமும் தராது. வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் பேங்க் ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கு. 30 லட்சம் வரைக்கான கடன்னா வீட்டு மதிப்புல 90 சதவிகிதம், 30-லேர்ந்து 75 லட்சம் வரைன்னா 80 சதவிகிதம், அதுக்கு மேலன்னா 75 சதவிகிதம். அதுக்கு மேல பேங்க் தரக் கூடாது. ஆக, நமக்கு 40 லட்சம் கிடைக்கும்.

மிச்சம் 10 லட்சம் போதுமா? போதாது. தமிழ்நாட்டுல பத்திரச் செலவுன்னு ஒண்ணு இருக்கு. பொதுவா முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், மொத்தம் 9. அதாவது, இன்னொரு நாலரை லட்சம். கைக்காசு மொத்தம் பதினாலரை லட்சம்.

வட்டி எட்டரை சதவிகிதம், 20 வருஷம்னு வெச்சா ஈ.எம்.ஐ. சுமார் 34,700 ரூபாய். அந்த வீட்டுக்கு வாடகை 15,000 வருதுனு வெச்சுக்குவோம். மிச்சம் 19,700 ரூபாய்? உங்க சம்பளத்துலேர்ந்துதான் போகணும். மாசா மாசம். மெயின்டனன்ஸ், சொத்து வரி, ரெண்டு மாசம் ஆள் வராம பூட்டிக் கிடக்கறது எல்லாம் தனி.

கோளாறு எங்கே? வருஷ வாடகை 1,80,000. 50 லட்சத்துக்கு அது 3.6 சதவிகிதம்தான். கடன் வட்டி எட்டரை. மூணரை சம்பாதிக்கற பிள்ளை எட்டரை செலவு பண்ணா வீடு தாங்குமா? 'வாடகையே கடனை அடைச்சுடும்'ங்கற தத்துவம் பெரும்பாலும் அமெரிக்க புத்தகங்கள்லேர்ந்து இறக்குமதியானது. அங்கே 30 வருஷத்துக்கு வட்டியே மாறாத வீட்டுக் கடன் சர்வசாதாரணம். நம்ம ஊர்ல பெரும்பாலும் ஃப்ளோட்டிங், அதாவது மிதக்கும் வட்டி.

அது எப்படி மிதக்கும்னு ஒரு சாம்பிள். 2022 மே மாசத்துலேர்ந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரிசர்வ் பேங்க் ரெப்போ வட்டியை 4 சதவிகிதத்துலேர்ந்து ஆறரைக்கு ஏத்திச்சு. 7 சதவிகிதத்துல இருந்த 40 லட்சம் கடனுக்கு ஈ.எம்.ஐ. 31,000 ரூபாய். வட்டி இதே அளவு ஏறி ஒன்பதரை ஆனா 37,300. கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குள்ள மாசம் 6,300 ரூபாய் கூடுதல்! ஈ.எம்.ஐ-யை ஏத்தாம விட்டா, கடன் காலம் வருஷக்கணக்குல நீண்டுடும். 2025-ல அதே ரெப்போ ஆறரையிலேர்ந்து 5.25-க்கு இறங்கினதும் உண்மை. ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். ஆனா, அக்ரிமென்ட் போட்ட வாடகையை அதுக்கேத்த மாதிரி நடுவுல ஏத்த முடியாது.

'அப்போ இன்கம்டாக்ஸ் மிச்சமாகுமே?' நல்ல கேள்வி. வாடகை வருமானத்துல 30 சதவிகிதம் நேரடிக் கழிவு உண்டு. கடன் வட்டியையும் கழிச்சுக்கலாம். ஆனா, அதுல வர்ற நஷ்டத்தைச் சம்பளத்தோட நேர் பண்றது பழைய வரி முறையில வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும்தான். புது முறையில அதுவும் கிடையாது.

ரெண்டாவது வீட்டுக்கு மூணு வாசல்

இப்படி முதல் வீட்டுக்கே மூச்சு வாங்குதுன்னா, ரெண்டாவது, மூணாவது வீட்டை எப்படி வாங்கறாங்க? மூணு வாசல் இருக்கு.

முதல் வாசல், இன்னொரு வீட்டுக் கடன். பேங்க் மேனேஜர் உங்க சம்பள ஸ்லிப்பையும் சிபில் ஸ்கோரையும் எடுத்து வெச்சுக்கிட்டு உட்காருவார். சம்பளத்துல சுமார் பாதிக்கு மேல ஈ.எம்.ஐ-க்கே போகுதுன்னா, பொதுவா உதட்டைப் பிதுக்கிடுவார். நம்ம கணக்குப்படி ரெண்டு ஃப்ளாட்டுக்கு ஈ.எம்.ஐ. 69,400. மாசம் லட்ச ரூபாய்க்கு மேல சம்பளம் வாங்கினாத்தான் பேச்சே!

ரெண்டாவது வாசல், பழைய வீட்டை அடமானம் வெச்சு புது வீட்டுக்குப் பணம் புரட்டறது. டாப்-அப் லோன், சொத்து அடமானக் கடன்னு பல பேர் இதுக்கு. அடமானக் கடனுக்கு வட்டி பொதுவா வீட்டுக் கடனைவிட அதிகம். தவிர, ஒரு வீடு தடுக்கி விழுந்தா இன்னொண்ணும் சேர்ந்து விழும். மலையேறும்போது எல்லாரும் ஒரே கயித்துல கட்டிக்கற மாதிரி.

மூணாவது வாசல்தான் நம்ம வாசல். குடியிருக்கறவங்க பணம்! பேங்க்ல நூறு கேள்வி கேட்பாங்க. நாமளோ ஒரு கேள்விகூடக் கேட்காம அட்வான்ஸை எண்ணிக் கொடுத்துட்டு, சாவியை வாங்கிட்டு வந்துடறோம்.

ஹாஸ்டல் கணக்கைப் பாருங்க. 60 பேர், தலைக்கு 10,000 ரூபாய் அட்வான்ஸ்னா 6 லட்சம். அதைக் கொண்டுபோய் இன்னொரு பில்டிங் ஓனருக்கு அட்வான்ஸா கொடுத்து, கட்டில் வாங்கிப் போட்டா ரெண்டாவது ஹாஸ்டல் ரெடி. அங்கே சேர்ற 60 பேரோட அட்வான்ஸ் மூணாவது ஹாஸ்டலுக்கு. கவனிச்சீங்களா? இதுல ஒரு செங்கல்கூட அவருக்குச் சொந்தமில்லை. பில்டிங்கும் வாடகை, பணமும் நம்மளுது!

இது தப்பானு கேட்டா, தப்பில்லை. ஓட்டல்காரர் கடனுக்கு அரிசி வாங்கி, சோறு வித்துக் காசு கொடுக்கற மாதிரி இதுவும் ஒரு பிசினஸ். ஆனா, எல்லாரும் ஒரே சமயத்துல காலி பண்ணா என்ன ஆகும்? கொரோனா சமயத்துல, 2020-ல, காலேஜும் கம்பெனியும் மூடி எல்லாரும் பெட்டியைக் கட்டினப்போ அட்வான்ஸுக்கு அலைஞ்ச அண்ணன்களைக் கேட்டா கதை கதையா சொல்வாங்க.

லீஸ் பணத்துக்கு வட்டி இல்லையா?

அட்வான்ஸ் சின்ன மீன். பெரிய மீன் ஒண்ணு இருக்கு. லீஸ்! கிராமத்துல ஒத்தி, போக்கியம்னு சொல்றாங்களே, அதோட தம்பி. மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டா மாச வாடகை கிடையாது. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வந்துடும். 'வாடகையும் மிச்சம், பணமும் பத்திரம்'னு அப்பாக்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்கீம். பொண்ணு படிக்கற ஊர்ல வீடு எடுக்கறப்போ நிறைய குடும்பங்கள் யோசிக்கறதும் இதைத்தான்.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. 15,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டை, ஓனர் 10 லட்சத்துக்கு லீஸுக்கு விடறார்னு வெச்சுக்குவோம். அவர் விட்டுக்கொடுக்கற வாடகை வருஷத்துக்கு 1,80,000. அதாவது, உங்க 10 லட்சத்துக்கு அவர் கொடுக்கற வட்டி 18 சதவிகிதம்!

பேங்க்ல எட்டரைக்குக் கிடைக்கற பணத்தை ஒருத்தர் ஏன் 18-க்கு வாங்கறார்? சிலருக்கு பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவுனு நியாயமான அவசரம் இருக்கும். ஆனா, 'அடுத்த வீடு வாங்கணும், பேங்க் கதவைச் சாத்திடுச்சு'ங்கறதும் ஒரு காரணமா இருக்கலாம். பேங்க் மறுத்த ஆளுக்கு நாம கடன் கொடுக்கறோம். அதுவும் எந்த ஈடும் இல்லாம!

இந்த இடத்துல ஒரு முக்கியமான வித்தியாசம். பதிவு செஞ்ச ஒத்திப் பத்திரம்னா, அது 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டப்படி ஒரு வகை அடமானம். உங்க பணத்துக்கு அந்த வீடு ஈடு. வெறும் முத்திரைத்தாள்ல டைப் அடிச்சுக் கையெழுத்துப் போட்ட லீஸ் அக்ரிமென்ட்டுன்னா, அது 'திருப்பித் தர்றேன்'ங்கற ஒரு வாக்கு, அவ்வளவுதான். ஏற்கெனவே அந்த வீட்டு மேல பேங்க் கடன் இருந்து, ஓனர் ஈ.எம்.ஐ. கட்டலைன்னா, 2002-ல வந்த சர்ஃபாசி சட்டப்படி பேங்க் கோர்ட்டுல வழக்குப் போட்டுக் காத்திருக்காமலே வீட்டை எடுத்துக்க நடவடிக்கை எடுக்கலாம். ஏலத்துல வர்ற பணத்துல முதல் பந்தி பேங்க்குக்கு. நமக்கு இலை மிஞ்சுமாங்கறதே சந்தேகம்.

1,139 வீட்டுக்காரர்!

இந்த மூணாவது வாசல் வழியா முழு ஸ்பீடுல ஓடினா என்ன ஆகும்? அதைப் பார்க்க தென்கொரியாவுக்கு ஒரு எட்டு போய் வரணும். ஏன் அங்கேன்னா, நம்ம லீஸோட அச்சு அசல் ரெட்டைப் பிறவி அங்கே இருக்கு. பேரு 'ஜோன்சே'. மொத்தமா டெபாசிட் கொடு, வாடகை இல்லாம ரெண்டு வருஷம் இரு, போகும்போது பணத்தை வாங்கிக்க. நம்ம ஊர்ல வீட்டு விலையில கொஞ்சம்தான் லீஸ் தொகை. அங்கேயோ வீட்டு விலையில பாதிக்கு மேலகூட டெபாசிட் போகும்.

இதுல சிலர் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. வீட்டு விலை 100 ரூபாய், டெபாசிட் 90 ரூபாய்னா, கைக்காசு 10 ரூபாய் போட்டா வீடு சொந்தம்! இடைவெளியை மட்டும் கொடுத்து வாங்கறதால இதுக்குப் பேரு 'கேப்' முதலீடு. டெபாசிட்டும் விலையும் சமமா இருந்தா, கைக்காசே இல்லாம வீடு வாங்கலாம். ஒண்ணு, பத்து, நூறுனு வாங்கித் தள்ளினாங்க.

2022 அக்டோபர்ல, நாப்பது வயசுகள்ல இருந்த ஒருத்தர் அங்கே இறந்துபோனார். அவர் பேர்ல இருந்த வீடுகள் 1,139! பத்திரிகைகள் அவருக்கு வெச்ச பட்டப்பேரு 'வில்லா கிங்'. அங்கே வில்லான்னா பங்களா இல்லை, மூணு நாலு மாடி சின்ன அப்பார்ட்மென்ட். டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு வந்தவங்களுக்குப் பதில் சொல்லவே ஆள் இல்லை.

அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. இந்த மாதிரி ஆட்கள் பலர் கையில ரொக்கமே கிடையாது. எல்லாம் செங்கல்லா மாறிடுச்சு. பழைய குடித்தனக்காரருக்குத் தர வேண்டிய பணத்தை, புதுசா வர்ற குடித்தனக்காரர்தான் தரணும். கொரிய மத்திய வங்கி 2021 ஆகஸ்ட்டுலேர்ந்து 2023 ஜனவரிக்குள்ள வட்டியை அரை சதவிகிதத்துலேர்ந்து மூணரைக்கு ஏத்தினதும் வீட்டு விலை இறங்கிச்சு, டெபாசிட் தொகையும் இறங்கிச்சு. 90 ரூபாய் கொடுத்தவர் காலி பண்றார், புதுசா வர்றவர் 70 ரூபாய்தான் தர்றார். மிச்சம் 20 எங்கேர்ந்து வரும்? அங்கே சங்கிலி அறுந்தது.

வேகமா வளர்ந்தவங்க சிலர் ஜெயிலுக்குப் போனாங்க. ஆனா, பணத்தை இழந்தவங்கள்ல பெரும்பாலானவங்க 40 வயசுக்குக் கீழே. படிப்பு முடிச்சு, முதல் வேலையில சேர்ந்து, கடனை உடனை வாங்கி டெபாசிட் கொடுத்தவங்க. 2023 தொடக்கத்துல இன்சியான் நகரத்துல பாதிக்கப்பட்ட இளைஞர்கள் சிலர் உயிரையே விட்டாங்க. அதே வருஷம் மே மாசம் கொரிய நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டவங்களுக்காகத் தனிச் சட்டமே போட்டுச்சு.

அப்போ வாங்கவே கூடாதா?

யார் சொன்னது? தாராளமா வாங்குங்க. பில்டிங் டிசைன்ல 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்ட்டி'னு ஒண்ணு படிக்கறோமே, அதை இங்கேயும் போடுங்க. 100 கிலோ தாங்க வேண்டிய பீமை 100 கிலோவுக்கே டிசைன் பண்ண மாட்டோம். ஒன்றரை மடங்காவது தாங்கற மாதிரி பண்ணுவோம். பணத்துக்கும் அதே ரூல்தான்.

வட்டி ரெண்டரை சதவிகிதம் ஏறினாலும் கட்ட முடியுமானு முதல்ல கணக்குப் போடுங்க. 2022-ல நடந்தது இன்னொரு தடவை நடக்காதுனு யாரும் எழுதிக் கொடுக்கலை. ஆறு மாச ஈ.எம்.ஐ-யைத் தனியா ஒதுக்கி வைங்க. வாங்கின அட்வான்ஸை அடுத்த வீட்டுல போடாம டெபாசிட்ல போடுங்க. அது உங்க பணம் இல்லை. முதல் வீட்டோட வாடகைக்கும் ஈ.எம்.ஐ-க்கும் நடுவுல இருக்கற பள்ளம் ஓரளவு மூடினதும் ரெண்டாவதுக்குப் போங்க. போனஸ் வந்தா அசல்ல கொஞ்சம் அடைங்க. தனிநபர்களோட ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் வாங்கக் கூடாதுங்கறது ரிசர்வ் பேங்க் உத்தரவு.

'இப்பவே சின்னதா ஆரம்பிக்கணும் பாஸ்'ங்கறவங்க 'ரெய்ட்'டுனு ஒண்ணு இருக்கு, படிச்சுப் பாருங்க. பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்களோட வாடகையைப் பங்கு போட்டுக்கற ஏற்பாடு. இந்தியாவுல முதல் ரெய்ட் 2019-ல பங்குச் சந்தைக்கு வந்துச்சு. 2021-லேர்ந்து ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். கைக்கு வர்ற நிகர ரொக்கத்துல 90 சதவிகிதத்துக்குக் குறையாம பிரிச்சுக் கொடுக்கணுங்கறது விதி. விலை ஏறும், இறங்கும், உத்தரவாதம் கிடையாது. ஆனா, 40 லட்சம் கடன் கழுத்துல தொங்காது.

சாவி வாங்கும் முன் அஞ்சு நிமிஷம்!

* வில்லங்கச் சான்றிதழ் பாருங்க. தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்துலயே பார்க்கலாம். வீடு யார் பேர்ல இருக்கு, அடமானம் பதிவாகியிருக்காங்கறது தெரிஞ்சுடும்.

* கையெழுத்துப் போடறவர்தான் ஓனரானு பத்திரத்தையும் சொத்து வரி ரசீதையும் வெச்சு உறுதிப்படுத்துங்க. வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன்னோடதுன்னு சொல்லி லீஸுக்கு விட்டுட்டு மாயமாகற கில்லாடிகள் உண்டு.

* தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. வேற மாதிரி ஒப்பந்தம் போடாத வரைக்கும், அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுங்குது அது. 10 மாசம் கேட்டா, இதைச் சொல்லிப் பேரம் பேசுங்க. ஒப்பந்தத்தை எழுத்துல போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும்.

* லேடீஸ் ஹாஸ்டல்னா, 2014-ம் வருஷத்துச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கானு கேளுங்க.

* பணத்தைக் கையில கொடுக்காதீங்க. பேங்க் வழியா அனுப்பி, ரசீதும் வாங்கிக்குங்க.

* லீஸ்னா, வக்கீல் ஒருத்தர்கிட்ட காட்டி, பத்திரத்தைப் பதிவு பண்ணாம ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்கனு அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

வட்டி குட்டி போடும்னு நம்ம பாட்டிகள் சொல்வாங்க. வீடு குட்டி போடாது ஃப்ரெண்ட்ஸ். ஒவ்வொரு புது வீட்டுக்கும் யாரோ ஒருத்தரோட பணம் போய்த்தான் ஆகணும். அது உங்க சம்பளமா, பேங்க் கடனா, இல்லை ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணோட அட்வான்ஸான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

நாளைக்கு நீங்க ஓனர் ஆகும்போது, காலி பண்ற பசங்களுக்கு அன்னிக்கே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கற ஓனரா இருங்க. ஒரு பேட்ச் முழுக்க உங்க பேரைச் சொல்லும்!